ஒரு ‘டிக்’ இரண்டான கதை

காஞ்சீபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் பஸ்சில் ஏறினால், வழியில் மாகறல் வரும். செய்யாற்றங்கரை ஊர். திருஞானசம்பந்தர் பாடிய சிவன் கோவில் இங்கே இருக்கிறது. கோவிலைப் பற்றிக் கேட்டால் உடும்புக் கதையைச் சொல்வார்கள். சோழ மன்னன் ஒருவன் பொன் நிறத்தில் ஓர் உடும்பைக் கண்டான். ஆட்கள் துரத்தினார்கள். அது புற்றுக்குள் புகுந்து கொண்டது. புற்றை வெட்டியபோது, உடும்பின் வால் போன்ற லிங்கம் வெளிப்பட்டது என்பது அந்தக் கதை.

நான் இப்போது சொல்லப் போவது உடும்பின் கதை அல்ல. எலியின் கதை!

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், உள்ளங்கைக்கு அடங்கிக் கிடக்குமே, அந்த எலி. இங்கிலீஷ்காரர்கள் ‘மவுஸ்’ என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகி விட்டோம்.

ஒரு காரியமாக மாகறல் போயிருந்த நான், ஜெராக்ஸ் எடுக்க ஒரு கடையில் நின்றேன். கடை சின்னது. ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், இரண்டு கம்ப்யூட்டர்கள், நான்கு நாற்காலிகள். பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், பஸ் டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் ஊரார் அங்கேதான் வருகிறார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் முன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். பின்னால் அவளுடைய தகப்பனார். வயலில் இருந்து நேரே வந்திருப்பார் போல. காலில் சேறு காயவில்லை.

பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அவள் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அப்பனும் மகளும் பஸ் ஏறிச் சென்னைக்கே போக வேண்டும். 2018-ம் ஆண்டு முதல் எல்லாம் இணைய வழி. எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று பட்டியல் போட வேண்டும். முதலில் எழுதியது கிடைக்குமா என்று பார்ப்பார்கள். அது இல்லை என்றால்தான் அடுத்தது. எனவே பட்டியலில் ஒரு படி ஏறி இறங்கினால் நான்கு வருஷப் படிப்பே மாறிப் போகும்.

ஐந்தாவது இடத்தில் இருந்த கல்லூரியை நான்காவது இடத்துக்கு ஏற்ற நினைத்தாள் அந்தப் பெண். அம்புக்குறி மேல் மவுசை வைத்து ஒரு தடவை அழுத்தினாள். கல்லூரி மூன்றாவது இடத்துக்குப் போய் விட்டது!

“அண்ணா, நான் ஒரு தடவைதான் அழுத்தினேன். இது இரண்டு படி ஏறுகிறது.”

“கை நடுங்குகிறதா, கண்ணு?” என்று கேட்டார் தகப்பனார்.

“இல்லைப்பா.”

கடைக்காரத் தம்பி எழுந்து வந்தார். மவுசை வாங்கிக் காதருகே வைத்து மெதுவாக அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரே சத்தம். திரையில் பார்த்தால் இரண்டு கணக்கு.

“தங்கச்சி கை மேல் தப்பில்லை, ஐயா. சுவிட்ச் மேல்தான் தப்பு. அது பொய் சொல்கிறது” என்றார்.

சுவிட்ச் எப்படிப் பொய் சொல்லும்? அதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால் இந்த எலியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

மரக்கட்டை எலி

எலி பிறந்தது அமெரிக்காவில். டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற விஞ்ஞானி, ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் ரேடார் கருவி பார்த்தவர். ரேடார் திரையில் விமானத்தைப் புள்ளியாகக் காண முடியுமானால், கம்ப்யூட்டர் திரையில் எழுத்தையும் படத்தையும் கண்டு, அவற்றைக் கையால் சுட்டிக்காட்ட முடியாதா என்று அவர் யோசித்தார்.

1964-ம் ஆண்டில் முதல் மவுஸ் உருவாயிற்று. யோசனை எங்கல்பர்ட்டுடையது. கையால் செய்து கொடுத்தவர் பில் இங்கிலீஷ் என்ற என்ஜினீயர். அது ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். பின்பக்கம் வால் மாதிரி ஒயர். அந்த வாலைப் பார்த்துத்தான் எலி என்று பெயர் வந்தது. 1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மாநாட்டில் எங்கல்பர்ட் அதை இயக்கிக் காட்டினார். தொண்ணூறு நிமிஷம் நடந்த அந்தக் காட்சியைக் கண்டு கூட்டம் அசந்து போனது. அதற்குள் எலிக்கு மூன்று பொத்தான்கள் முளைத்து விட்டன.

1970-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் எங்கல்பர்ட்டுக்கு அதனால் ராயல்டி எதுவும் வரவில்லை. உலகம் முழுவதும் மவுஸ் பரவியது. அவர் கையில் காசு சேரவில்லை. 2013-ல் காலமானார்.

அந்த நாளில் மவுஸ் ஏழைக்கு எட்டாத பொருள். ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த மவுசைச் செய்ய 300 டாலர் ஆகும். அது இரண்டே வாரத்தில் கெட்டுப் போகும். அதை ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் பார்த்தார். “பதினைந்து டாலருக்குள் செய்ய வேண்டும். இரண்டு வருஷமாவது உழைக்க வேண்டும்” என்று சொல்லி, டீன் ஹோவி என்ற வடிவமைப்பாளரிடம் வேலையைக் கொடுத்தார். ஹோவி கடைக்குப் போனார். வெண்ணெய் வைக்கும் கிண்ணம் ஒன்றையும், அக்குளில் உருட்டித் தடவும் வாசனை மருந்துப் புட்டிகளையும் வாங்கினார். புட்டியின் வாயில் இருந்த உருண்டையைக் கழற்றிக் கிண்ணத்துக்கு அடியில் உருள விட்டு மாதிரி செய்தார்! 1983-ல் லிசா கம்ப்யூட்டருடனும், 1984-ல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருடனும் ஆப்பிளின் மவுஸ் வந்தது.

இன்று உருண்டை போய் விட்டது. அடியில் ஒளி வைத்துப் பார்க்கிறார்கள். ஒயர் வாலும் பல மவுஸ்களில் இல்லை. ஆனால் பொத்தானுக்குக் கீழே உள்ள சுவிட்ச் மட்டும் பெரும்பாலான மவுஸ்களில் பழைய பரம்பரையாகவே இருக்கிறது.

புளியங்கொட்டை அளவு

நம் கடைக்காரத் தம்பி மவுசைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த வழவழப்பான துண்டை நகத்தால் கிளப்பினார். அதற்குக் கீழே திருகாணி ஒளிந்திருந்தது. மூடியைத் திறந்ததும், “இதோ, இதுதான்” என்று காட்டினார். கறுப்பாக ஒரு சிறு பெட்டி. நீளம் 12.8 மில்லி மீட்டர். அகலம் 5.8. உயரம் 6.5. புளியங்கொட்டை அளவுதான். அதன் தலையில் ஒரு குட்டிப் பொத்தான்.

இதற்கு மைக்ரோ சுவிட்ச் என்று பெயர். இந்த வகையை 1932-ல் அமெரிக்காவில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் மெக்கால் என்பவர் கண்டுபிடித்தார். ஜப்பானில் கசுமா தத்தெய்சி தொடங்கிய கம்பெனி 1943-ல் அந்த நாட்டின் முதல் மைக்ரோ சுவிட்சைச் செய்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய ஓம்ரான். மவுசைத் திறந்து பார்த்தால் பல சமயம் அந்தப் பெயரைக் காணலாம்.

திருவிழாக் கடைகளில் தகரத் தவளை விற்பார்களே, நினைவிருக்கிறதா? அடியில் உள்ள தகட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் போடும். தகடு கொஞ்சம் கொஞ்சமாக வளையாது. ஓர் எல்லை வரை பொறுத்துக் கொள்ளும். பிறகு சட்டென்று மறுபக்கம் குதிக்கும். விரலை எடுத்தால் திரும்பவும் குதித்துப் பழைய நிலைக்கு வரும்.

மவுஸ் சுவிட்சுக்குள்ளேயும் அப்படி ஒரு தகடு. செம்புக் கலவையில் செய்த மெல்லிய வில். அதன் நுனி மேலும் கீழும் குதிக்கும். சும்மா இருக்கும்போது நுனி மேலே ஒரு முனையைத் தொட்டுக் கொண்டிருக்கும். நீங்கள் அழுத்தினால் கீழே உள்ள முனைக்குக் குதிக்கும். மின்சாரம் ஓடும். “அழுத்தி விட்டார்கள்” என்று உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரியும். அரை மில்லி மீட்டர் கூட அழுத்த வேண்டாம். 60, 75 கிராம் எடை அளவு விரலால் அமுக்கினால் போதும்.

மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் தகடு ஒரே வேகத்தில்தான் குதிக்கும். இதுதான் இந்த சுவிட்சின் விசேஷம். குழந்தை அழுத்தினாலும் கிழவி அழுத்தினாலும் ‘டிக்’ ஒன்றே.

பந்து போலத் துள்ளும்

அப்படியானால் இரண்டு எப்படி வந்தது?

இரும்புக் குண்டைச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். விழுந்த இடத்திலேயே நிற்கிறதா? இல்லை. துள்ளித் துள்ளித்தான் அடங்கும். தகட்டின் நுனியும் அப்படித்தான். கீழ் முனையில் மோதியதும் துள்ளும். தொடும், விலகும், மறுபடி தொடும். எல்லாம் ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகளுக்குள் நடந்து முடிந்து விடும். நம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாது. ஆனால் மவுசுக்குள் இருக்கும் சிப்புக்குத் தெரியும். அது நம்மை விட அவசரக்காரன். தொட்டதை எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி விடும்.

புதுச் சுவிட்சிலும் இந்தத் துள்ளல் உண்டு. எனவே சிப்புக்கு ஒரு பாடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். “முதல் தொடுதலை எண்ணு. பிறகு கொஞ்சம் பொறு. அதற்குள் எது நடந்தாலும் கண்ணை மூடிக் கொள்” என்பதுதான் பாடம்.

சுவிட்ச் புதிதாக இருக்கும் வரை இது போதும். நாளாக ஆகத் தகட்டின் விறைப்புக் குறைகிறது. அழுத்தமாகப் பிடிக்க வேண்டிய நுனி தளர்ந்து போகிறது. உடும்பு போலப் பற்ற வேண்டியது தவளை போலக் குதிக்கிறது! துள்ளல் நேரம் நீளுகிறது. சிப்பு கண்ணைத் திறந்த பிறகும் துள்ளிக் கொண்டிருந்தால்? அதுதான் இரண்டாவது கணக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டரில், வழக்கமாக அரை நொடிக்குள் இரண்டு முறை தட்டினால் ‘திற’ என்று அர்த்தம். எனவே ஒரு தட்டுத் தட்டினாலே கோப்பு தானாகத் திறந்து கொள்கிறது. ஒரு படத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டு போகும்போது, பாதி வழியில் கை நழுவியது போல வேறெங்கோ விழுகிறது.

பெட்டியில் ‘ஒரு கோடி முறை உழைக்கும்’ என்று போட்டிருப்பார்கள். இரண்டு கோடி, ஐந்து கோடி என்றும் போடுவது உண்டு. கணக்குப் போடுங்கள். நாளுக்கு 5,000 முறை தட்டினால் ஒரு கோடி முடிய 2,000 நாள். ஐந்தரை வருஷம். ஆனால் சில மவுஸ்கள் ஓரிரு வருஷத்திலேயே இரட்டைத் தட்டு தட்டுகின்றன. ஏன்?

ஒரு காரணம், சோதனைச் சாலையில் இயந்திர விரல் நேராக, ஒரே மாதிரி அழுத்துகிறது. நம் விரல் அப்படி இல்லை. இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதை மற்றவர்களை விடக் காஞ்சீபுரத்துக்காரர்கள் சுலபமாகப் புரிந்து கொள்வார்கள்.

ஜரிகை சொல்லும் பாடம்

வெள்ளிக் கொலுசைப் பெட்டியில் வைத்து ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள். கறுத்திருக்கும். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலம் ஆகி விடுகிறது. பல சுவிட்சுகளின் முனைகளும் வெள்ளிதான். அங்கேயும் அதே கறுப்பு படிகிறது. அந்தக் கறை மின்சாரத்துக்கு வேலி போட்டது மாதிரி.

பெரிய மின்சாரம் ஓடினால் அந்தக் கறையைப் பொசுக்கிக் கொண்டு போய் விடும். வீட்டு விளக்கு சுவிட்சை அழுத்தும்போது சிறு பொறி தெரிகிறதே, அது முனையைச் சுத்தம் செய்து விடுகிறது. மவுசில் ஓடுவதோ எறும்பு ஊர்வது போன்ற மின்சாரம். சில சுவிட்சுகளுக்குக் குறைந்தது 1 மில்லி ஆம்பியராவது வேண்டும் என்று செய்தவர்களே அட்டவணையில் எழுதுகிறார்கள். பல மவுஸ்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஓடுவதில்லை. ஒயர் இல்லாத மவுசில் பேட்டரியை மிச்சம் பிடிக்க இன்னும் குறைக்கிறார்கள். பெரிய சுவிட்சைப் போட்டு விட்டுச் சின்னத் தீனி போட்டால் என்ன ஆகும்? கறை அங்கேயே தங்கி விடும். தொட்டும் தொடாமலும் மின்சாரம் விட்டு விட்டு ஓடும்.

இதற்கு வைத்தியம், முனைக்குத் தங்க முலாம். தங்கம் கறுக்காது. பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசி ஜரிகை செய்கிறார்கள் அல்லவா? பாட்டியின் கல்யாணப் புடைவை இன்றும் மின்னுவதற்கு அந்த மெல்லிய தங்கமே காரணம். எறும்பு மின்சாரத்துக்கும் தங்க முனைதான் ஏற்றது. விலைதான் கொஞ்சம் கூடும்.

குடவோலையும் பொத்தானும்

தங்க முலாம் கறுப்பை நீக்கும். துள்ளலை நீக்காது. அதற்கு என்ன செய்வது?

‘இன்னும் அதிக நேரம் கண்ணை மூடிக் கொள்’ என்று சிப்புக்குச் சொல்லலாம். பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினால் அதையும் ஒன்று என்று எண்ணி விடுமே!

இங்கே மாகறலில் இருந்து உத்திரமேரூர் வரை ஒரு நடை போய் வரலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்குவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! ஏன் தெரியுமா? விரலிடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. ஓர் ஓலைக்கு ஓர் ஓலைதான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் ‘இரண்டு கணக்கு’ வராமல் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள், பாருங்கள்.

நம் காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 1982-ல் கேரளாவில் பரவூரில் முதன் முதலாக உபயோகித்தார்கள். அதிலும் பொத்தான்தான். நீங்கள் ஒரு தடவை அழுத்தியதும் இயந்திரம் பூட்டிக் கொள்ளும். பிறகு நூறு தடவை அமுக்கினாலும் ஓட்டு ஒன்றுதான். அடுத்தவர் ஓட்டுப் போடத் தேர்தல் அலுவலர் தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தித் திறந்து விட வேண்டும்.

மவுசுக்கு அப்படி ஓர் அலுவலரை வைக்க முடியாதே என்று கேட்பீர்கள். முடியும்! அந்த அலுவலர் ஏற்கெனவே சுவிட்சுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் வேலை வாங்குவதில்லை, அதுதான் சங்கதி.

மூன்றாவது கால்

இந்தப் புளியங்கொட்டைச் சுவிட்சுக்கு மூன்று கால்கள். ஒன்று தகட்டுக்கு. ஒன்று கீழ் முனைக்கு. மூன்றாவது, மேல் முனைக்கு. சாதாரண மவுஸ்களில் தகட்டையும் கீழ் முனையையும்தான் உபயோகிக்கிறார்கள். மூன்றாவது கால் பலகையில் சும்மா நிற்கிறது.

அந்தக் காலையும் சிப்போடு இணைத்து இப்படிச் சொல்லுங்கள்: “கீழ் முனையைத் தொட்டதும் ஒன்று என்று எண்ணு. உடனே பூட்டிக் கொள். தகடு மேல் முனைக்குத் திரும்பி வந்து தொட்டால் மட்டுமே பூட்டைத் திற.”

இப்போது கீழே எத்தனை முறை துள்ளினாலும் கவலை இல்லை. துள்ளுகிற தகடு மேல் முனை வரை எழும்பாது. பூட்டும் திறக்காது. விரலை எடுத்தால்தான் அது மேலே போகும். அதனால் கணக்கு ஒன்றுதான். சிப்பு கண்ணை மூடிக் கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். முதல் தொடுதலிலேயே வேலை நடந்து விடும். கறுப்புப் படிந்து நடுவில் மின்சாரம் விட்டுப் போனாலும், பிடித்த படம் கீழே விழாது.

இது புதிய மந்திரம் அல்ல. எலெக்ட்ரானிக்ஸ் பாடப் புத்தகத்தில் வெகு காலமாக இருக்கிற வழி. இதற்கு வேண்டியது இன்னொரு கம்பித் தடமும், சிப்பில் இன்னொரு வாசலும்தான். சில நல்ல மவுஸ்களில் செய்திருக்கிறார்கள். மலிவு மவுஸ்களில் ஏன் செய்யக் கூடாது? கோடிக்கணக்கில் செய்கிறவர்களுக்கு ஒரு காசு, இரண்டு காசு கூடப் பெரிய தொகை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

ஒளிச் சுவிட்ச்

முனையே வேண்டாம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. பொத்தானுக்குக் கீழே ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விளக்கு. எதிர்ப் பக்கம் அதைப் பார்க்கும் கண். அழுத்தும்போது நடுவில் ஒரு சிறு தடுப்பு நகர்ந்து ஒளியை விடும் அல்லது மறைக்கும். அவ்வளவுதான். உலோகத்தோடு உலோகம் மோதுவது இல்லை. துள்ளல் இல்லை. கறுப்பும் இல்லை. 2019-ல் ரேசர் கம்பெனி இப்படி ஒரு மவுசை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முந்தினால்கூட அவர்களுக்கு வெற்றி தோல்வி மாறி விடுமாம்!

ஆனால் ஒளி மட்டும் இருந்தால் ‘டிக்’ சத்தம் வராது. அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. அதற்காகவே ஒரு வில் தகட்டையும் வைக்கிறார்கள். 2022-ல் லாஜிடெக் கம்பெனி கணக்குக்கு ஒளியும் உணர்ச்சிக்கு இயந்திரமுமாக இரண்டையும் சேர்த்தது.

மடிக் கணினியில் அதை விட வேடிக்கை. 2015-ல் ஆப்பிள் கொண்டு வந்த விரல் பலகை, அழுத்தினால் அமுங்கவே அமுங்காது. அடியில் ஒரு காந்தம் லேசாக அதிரும். விரலோ “அமுங்கி விட்டது” என்று நம்பி விடும். கம்ப்யூட்டரை அணைத்து விட்டு அழுத்தினால் கல் மாதிரி கிடக்கும்!

எல்லாம் கெட்டிக்காரத்தனம்தான். விலையும் அதற்குத் தக்கபடி. 300 ரூபாய் மவுசை வைத்துப் பிழைக்கும் மாகறல் கடைக்கு அவை எப்போது வந்து சேருமோ?

கடையில் நடந்தது

கடைக்காரத் தம்பியிடம் புதுச் சுவிட்ச் இல்லை.

“சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், சார். சில பத்து ரூபாய்தான். ஆனால் இப்போது பஸ் ஏறிப் போக முடியுமா? இந்தப் பாப்பாவுக்கு இன்றைக்கே முடித்தாக வேண்டும்.”

இன்னொரு மவுஸ்? அடுத்த கம்ப்யூட்டரில் இருந்ததற்கும் அதே வியாதி. மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியை இழுத்துக் காட்டினார். எட்டு, பத்து செத்த எலிகள் வால் பின்னிக் கிடந்தன. “எல்லாவற்றுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இடது பக்கச் சுவிட்ச் ஒன்றுதான் போயிருக்கும். அதற்காக முழுசையும் தூக்கிப் போட மனசு வரவில்லை” என்றார்.

சில விலை உயர்ந்த மவுஸ்களில் சுவிட்சைக் குழியில் செருகி வைத்திருக்கிறார்கள். ஆசுஸ் கம்பெனி செய்கிறது. கெட்டால் பிடுங்கி விட்டு இன்னொன்றைச் செருகலாம். டார்ச் லைட்டில் பேட்டரி மாற்றுவது போல வீட்டுப் பெண்களே மாற்றிக் கொள்ளலாம். இது எல்லா மவுசுக்கும் வந்தால் அந்த அட்டைப் பெட்டி காலியாகி விடும். என்னைக் கேட்டால், ஒளிச் சுவிட்சை விட இதுதான் முதலில் வர வேண்டும்.

தம்பி சும்மா இருக்கவில்லை. சால்டரிங் கோலை எடுத்துச் சூடு பண்ணினார். அவர் செய்த யுக்தியைச் சொல்கிறேன். மவுசில் இடது பொத்தான்தான் ஓயாமல் உழைக்கிறது. வலது பொத்தானுக்கு வேலை குறைவு. இரண்டுக்கும் ஒரே ஜாதிச் சுவிட்ச். எனவே மவுசைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி, ஈயத்தை உருக்கி, வலது பக்கத்துச் சுவிட்சை இடது பக்கமும், இடது பக்கத்தை வலது பக்கமும் மாற்றி வைத்தார். கால் மணி நேரம். தகப்பனார் கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தார்.

“வயலில் ஏர் மாட்டைப் பக்கம் மாற்றிக் கட்டுவோமே, அந்த மாதிரி” என்றார்.

“அப்படித்தான், ஐயா.”

மூடியைப் போட்டுத் திருகாணி முறுக்கியாயிற்று. பெண் உட்கார்ந்தாள். அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினாள். கல்லூரி ஒரு படி இறங்கியது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு படி. அவளுக்குச் சிரிப்பு வந்து விட்டது.

அதோடு விடவில்லை அவள். பட்டியலை முதலில் இருந்து படித்தாள். தகப்பனார் தம் சட்டைப் பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கேட்டு எழுதி வந்த வரிசை. மகள் திரையைப் படிக்கப் படிக்க, அவர் காகிதத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கொண்டே வந்தார். பதினோராவது இடத்தில் இருக்க வேண்டிய கல்லூரி ஒன்பதாவது இடத்தில் இருந்தது! பழைய சுவிட்ச் எப்போதோ செய்து விட்டுப் போன வேலை. அதை இரண்டு படி இறக்கினார்கள். மறுபடியும் முதலில் இருந்து ஒப்பிட்டார்கள். பிறகுதான் ‘உறுதி செய்’ என்ற பொத்தானுக்குப் போனாள்.

‘டிக்.’

என் ஜெராக்சை வாங்கிக் கொண்டு நான் கிளம்பினேன். கடைக்காரத் தம்பி ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, மவுசின் முதுகில் ஒட்டிக் கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘வலது பக்கம் அழுத்தினால் ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தது.